மூன்றாம் ஜன்னல்காரி

கனவில் அவள் அந்த அறைக்குள் போவாள். எந்தக் கதவு வழியாகப் போனாள் என்பதெல்லாம் கனவுக்குத் தேவையில்லை. தேன் நிறத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். வெறுங்காலுக்கு எஃகுத் தரை சில்லென்று இருக்கும். வரிசையாக நிற்கும் குழாய்களை விரலால் தடவிக்கொண்டே நடப்பாள். கடுகளவு உலோக மணிகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு எண்ண ஆரம்பிப்பாள். எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

விழித்ததும் அவளுக்கே சிரிப்பு வரும். நிஜத்தில் ஒருவர் அந்த அறைக்குள் அப்படி உலாத்தினால், திரும்பி வந்து கதை சொல்ல ஆள் இருக்காது. இத்தனை வருஷமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிற அறை, மூலைமுடுக்கு விடாமல் தெரிந்த அறை, ஒரு நாளும் கால் வைக்காத அறை. கல்யாணம் பண்ணி வந்த வீட்டைக்கூட இவள் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை என்று அவளுடைய கணவர் சொல்வார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

கடைசி பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் மரங்களுக்கு நடுவே ஒரு நீளமான கட்டடம். அதற்குள் ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்தின் ஒரு பக்கச் சுவரில் வரிசையாக ஆறு ஜன்னல்கள். ஆறும் அந்த ஒரே அறையைத்தான் பார்க்கின்றன. உள்ளே இருப்பவை கோபால்ட் மணிகள். அவற்றிலிருந்து ஓயாமல் காமா கதிர் வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, தொட்டால் சுடவும் சுடாது. ஆளை மட்டும் முடித்துவிடும். அதே மணிகளை அளந்து குழாயில் அடைத்து மூடி அனுப்பினால், புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் கட்டிகளைச் சுட்டுப் பொசுக்கும். அளந்து அடைப்பதுதான் இவர்கள் வேலை.

ஆள் உள்ளே போக முடியாது என்பதால் இரும்புக் கைகள் போகும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து இவள் பிடியை அசைத்தால், சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் கை அதே மாதிரி அசையும். இவள் விரலை மடக்கினால் அதுவும் மடக்கும். உள்ளே எதையாவது பிடித்தால், அதன் கனம் இவள் மணிக்கட்டுக்கு வந்து சேரும்.

நடுவில் இருப்பது கண்ணாடி. வீட்டு ஜன்னல் கண்ணாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஈயத்தைக் கலந்து உருக்கி வார்த்த பாளங்கள் அவை. ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, இடைவெளியில் எண்ணெய் ஊற்றி, ஒரு ஆள் கையை நீட்டினாலும் மறுபக்கத்தை எட்டாத கனத்துக்கு அடைத்திருக்கிறார்கள். ஒரு பாளத்தைத் தூக்குவதற்கே சங்கிலியும் கப்பியும் வேண்டும். ஈயம் சேர்ந்ததால் அதற்கு இளம் மஞ்சள் நிறம். கான்கிரீட் சுவர் தடுக்கிற கதிரை அதுவும் தடுக்கும். ஆனால் சுவர் காட்டாததை அது காட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதன் முன்னால் உட்கார்ந்தபோது, குளத்துக்கு அடியில் யாரோ குடித்தனம் நடத்துவதைப் பார்ப்பது போல அவளுக்கு இருந்தது. வேலையை மறந்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் முழங்கையால் இடித்த பிறகுதான் வாயை மூடினாள்.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இருப்பதாகக் காட்டும். கண் சொல்கிற இடத்தில் கையை வைத்தால் காற்றைத்தான் பிடிக்க வேண்டும். ஒரு முழம் தள்ளிப் பிடிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். பழகிக்கொண்டாள். அந்தப் பழக்கம் பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. மேசை மேல் வைக்கிறேன் என்று டம்ளரை மேசைக்கு அப்பால் காற்றில் வைப்பாள். அது கீழே விழும். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிச் சாமான்கள் எல்லாம் முதல் வருஷத்திலேயே போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் எவர்சில்வர்.

"கண்ணாடியால சம்பாதிக்கறவ வீட்டுல ஒரு கண்ணாடி டம்ளர் கிடையாது," என்று கணவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அவர் தையல்காரர். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. வெள்ளெழுத்து வந்த பிறகு அவருக்கு ஊசியில் நூல் கோப்பது பெரும்பாடு. காலையில் இவள் வேலைக்குக் கிளம்புமுன் பத்துப் பதினைந்து ஊசிகளில் நூல் கோத்துக் குஷனில் குத்திவிட்டுப் போக வேண்டும். அந்த வீட்டில் அதுதான் அன்பைச் சொல்கிற முறை.

தாழ்வாரத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவரவர் ஜன்னல் எண்தான் பெயர். இவள் மூணு. முதல் நாள் முழங்கையால் இடித்தவள் நாலு. இன்னொருவர் நாற்காலியில் யாரும் உட்காரவும் மாட்டார்கள். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அடுத்தவர் சீப்பால் தலை வாருவதற்கு எப்படிக் கூசுமோ அப்படி ஒரு கூச்சம். நாற்காலியின் உயரம், பிடியின் இறுக்கம் எல்லாம் அவரவர் உடம்புக்குத் தகுந்தபடி திருகி வைத்தவை. யாராவது விடுமுறை எடுத்தால் அந்த ஜன்னலும் விடுமுறை. இவளுடைய ஜன்னலுக்குப் போர்த்துவதற்கென்று கணவர் மிச்சத் துணிகளைச் சேர்த்து ஒரு உறை தைத்துக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து மற்ற ஐந்து பேருக்கும் பொறாமை. மூணாவது ஜன்னலுக்குத்தான் புகுந்த வீடு வாய்த்திருக்கிறது என்று கேலி செய்வார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மங்கல் வந்தது.

வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. ஒரு நாள் உள்ளறையின் எதிர்மூலையில் தொங்கும் இடுக்கியைத் தேடும்போது, அதைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே விளக்கு மங்கலாகிவிட்டதோ என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்த உடனே பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஏனென்றால் அது அவளுடைய நினைப்பு இல்லை. அவள் அப்பா சொன்ன வாக்கியம்.

அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் மணியடிப்பவராக இருந்தார். "விளக்கு மங்கலா இருக்கு, பல்பை மாத்தணும்" என்பார். மாற்றுவார்கள். மறுவாரம் மறுபடி, "என்ன பல்பு விக்கறான், ஒரு வெளிச்சமும் இல்ல" என்பார். மறுபடி மாற்றுவார்கள். வீட்டில் மற்றவர்களுக்குக் கண் கூசுகிற அளவுக்கு பல்பு எரிந்தது. அப்பாவுக்கு மட்டும் அது மங்கல். கண் போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் மனப்பாடம் செய்துகொண்டார். இத்தனை எட்டு வைத்தால் வாசல், கை நீட்டினால் மணிக்கயிறு. அவ்வளவு லாகவமாக நடமாடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு நாள் அம்மா வீட்டைப் பெருக்குவதற்காக ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்தாள். அப்பா நேராகப் போய் அதன் மேல் விழுந்தார். விழுந்தவரைத் தூக்கி அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மீதி வாழ்நாளை அவர் அதில்தான் கழித்தார். அவர் எழுந்து போன நேரத்தில்கூட வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

ஆகவே அந்த வீட்டில் பிறந்தவளுக்கு, "விளக்கு மங்கல்" என்பது கண் போகிறவர் சொல்கிற வார்த்தை. அதை அவள் சாகிறவரைக்கும் சொல்லமாட்டாள். விளக்கு சரியாகத்தான் இருக்கிறது, கெட்டது என் கண்தான் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். அப்பீலுக்கும் இடம் வைக்கவில்லை.

கண் கெட்டால் ஜன்னல் போகும். அதை நினைத்தால்தான் அவளால் தாங்க முடியவில்லை. சம்பளம் போனால் தையல் கடை இருக்கிறது, எப்படியோ ஓடும். அந்தத் தேன் வெளிச்சம் போனால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை. அதனால் அப்பா செய்ததையே தானும் செய்தாள். உள்ளறையை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள். தராசு இங்கே, குழாய்களை நிறுத்தும் தாங்கி இங்கே, மூடி வைத்த தட்டு இங்கே. மணிக்கட்டுக்கு வருகிற கனத்தை வைத்தே குழாய் நிறைந்ததா என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அவள் அடைத்ததை நாலாம் ஜன்னல்காரி தன் பக்கமிருந்து மறுபடி எண்ணிப் பார்த்துத்தான் மூடுவாள் என்பதால் கணக்கு ஒரு நாளும் தப்பவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவள் எண்ணி முடிக்கும் வரை இவள் பிடியை விடமாட்டாள்.

மங்கல் கூடிக்கொண்டே போனது. மஞ்சள் பழுப்பானது; பழுப்பு கொதித்த டீயின் நிறத்துக்கு வந்தது. விசித்திரமாக, உள்ளறை மறைய மறைய அவளுடைய முகம் ஜன்னலில் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. குழாய்களுக்கு நடுவே அந்த முகம் மிதந்துகொண்டிருக்கும். சில மத்தியானங்களில் அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொக்கிப்போவாள். நாம்தான் உள்ளே நிற்கிறோம், வெளியே உட்கார்ந்திருப்பது யாரோ என்று தோன்றும். கனவில் வருகிற அறையில்தான் இப்போது வெளிச்சம் அதிகம். நிஜ அறையை விடக் கனவில் நன்றாகத் தெரிந்ததால், தூங்கப் போவதற்கு அவளுக்கு ஆசையாக இருந்தது.

வருஷத்துக்கு ஒரு முறை வேலையிடத்தில் கண் பரிசோதனை உண்டு. எழுத்து அட்டையை முன்கூட்டியே நைசாகப் பார்த்து நெட்டுருப் போட்டுக்கொண்டு போனாள். கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தாள். "கண்ணு கழுகு மாதிரி இருக்கும்மா" என்றார் பரிசோதித்தவர். ஏமாற்றிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அந்த எழுத்துகள் தனக்கு உண்மையாகவே தெரிந்தன என்பதை அவள் நம்பவே இல்லை. மனப்பாடம் செய்ததால் தெரிவது போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். காலையில் பதினைந்து ஊசி கோத்துவிட்டு வருகிறவள் நினைக்கிற நினைப்பா இது? கேட்டால், அது கைப்பழக்கம் என்பாள். பயம் வந்துவிட்டால் புத்தி வேலை செய்யும், ஆனால் பயத்துக்காக வேலை செய்யும். வீட்டில் டம்ளர் விழுந்தால்கூட இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் அந்த அளவுக்குப் போய்விட்டது என்று கணக்கு எழுதிக்கொண்டாள்.

இன்னொருவரும் வருவார். கதிர் அளக்கிற கருவியோடு வருவதால் அவருக்குக் கருவிக்காரர் என்றே பெயர். ஒவ்வொரு ஜன்னல் முன்னாலும் கருவியை வைத்துப் பார்ப்பார். கதிர் கசிகிறதா என்று கருவி சொல்லும். ஆனால் நன்றாகத் தெரிகிறதா என்று கருவி சொல்லாது; அதை ஆளைத்தான் கேட்க வேண்டும்.

"மூணு, நல்லா தெரியுதா?"

"நல்லா தெரியுது சார்."

"மங்கல் கிங்கல் ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல சார். பளிச்சுனு இருக்கு."

அவர் குறித்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போவார். இவள் புடவைத் தலைப்பால் உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலை. நாலாம் ஜன்னல்காரி டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "ஏய் மூணு, நேத்து நீ போனப்புறம் தாங்கியைக் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கேன். புது இடுக்கிக்கு இடம் வேணும்னாங்க. பாத்துக்க."

இவள் தலையை ஆட்டினாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம்? எந்தப் பக்கம்? கேட்டிருக்கலாம். "கண்ணு இல்லையா உனக்கு, பாத்தா தெரியாதா" என்று பதில் வருமே என்று கேட்கவில்லை. அவள் வேடிக்கைக்குத்தான் சொல்லுவாள். ஆனால் இவளுக்கு அது குத்தும்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். பழுப்புக்குள் ஏதோ நிழலாக நின்றது. அதன் மேலேயே அவள் முகமும் நின்றது. அடைத்த குழாயை இடுக்கியில் பிடித்துத் தாங்கியில் வைக்க ஒரு உத்தேசத்தில் கையை நீட்டினாள். இரும்புக் கையின் முழங்கை எதிலோ உரசியது. பிடித்திருந்த இடுக்கியில் இருந்த கனம் சட்டென்று இல்லாமல் போனது. சத்தமே கேட்கவில்லை. அந்த அறைக்குள் எது விழுந்தாலும் சத்தம் வெளியே வராது. மூடாத குழாய் சாய்ந்து, மணிகள் தட்டு முழுக்கச் சிதறி ஓடியதை அவள் பார்க்கவில்லை. நாலாம் ஜன்னல்காரி பார்த்தாள்.

"அசையாதே! கையை அப்படியே வை. ஒண்ணும் ஆகல, எல்லாம் தட்டுலதான் கிடக்கு. நான் பொறுக்கறேன்."

ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "சரியா இருக்கு" என்று பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். மூணாம் ஜன்னல்காரி பிடியை விடாமல், முகத்தைத் துடைக்காமல், அழுதுகொண்டிருந்தாள்.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? எனக்கும்தான் ஒரு தடவை கொட்டிச்சு."

"எனக்குக் கண்ணு தெரியல நாலு."

"என்னது?"

"கண்ணு போயிட்டே இருக்கு. ரொம்ப நாளாச்சு. எங்கப்பா மாதிரியே. யார்கிட்டயும் சொல்லல. எல்லாம் மனப்பாடத்துலதான் பண்ணிட்டு இருந்தேன். இன்னிக்கு நீ தாங்கியை நகத்திட்டே." அதற்கு மேல் பேச முடியாமல் விக்கினாள்.

நாலாம் ஜன்னல்காரி தன் பிடியை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். பிறகு அந்தத் தாழ்வாரத்தில் யாரும் செய்யாததைச் செய்தாள்.

"எந்திரி."

"எதுக்கு?"

"எந்திரிடீ. நான் ஒரு தடவை உக்காந்து பாக்கறேன்."

இவள் எழுந்தாள். அவள் உட்கார்ந்தாள். நாற்காலி அவளுக்கு உயரமாக இருந்தது, கால் தொங்கியது. ஜன்னலைப் பார்த்தாள். கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மூக்கு கண்ணாடியில் முட்டுகிற வரை போய்ப் பார்த்தாள்.

"உள்ள லைட்டைப் போடு."

"எரிஞ்சுக்கிட்டுதானே இருக்கு."

"மூணு," என்றாள் அவள், குரல் இறங்கி. "இதுல எனக்கு என் மூஞ்சிதான் தெரியுது."

இவளுக்குப் புரியவில்லை. நாலாம் ஜன்னல்காரி எழுந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். அந்த ஜன்னல் எண்ணெய் கசிந்ததால் சில வருஷங்களுக்கு முன்புதான் புதிதாக மாற்றப்பட்டது.

தேன் வெளிச்சம். கனவில் வருகிற அதே வெளிச்சம். தாங்கி, குழாய்கள், தராசின் முள், எதிர்மூலையில் தொங்கும் இடுக்கி, அதன் பிடியில் உரிந்திருந்த பூச்சு. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. தாங்கி மட்டும் ஒரு சாண் நகர்ந்து இருந்தது. அவள் ரொம்ப நேரம் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமிட்டினால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"தெரியுதா?"

"தெரியுது நாலு. எல்லாம் தெரியுது."

"பைத்தியக்காரி," என்று சொல்லி நாலாம் ஜன்னல்காரி அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

செய்தி கேட்டுக் கருவிக்காரர் ஓடி வந்தார். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் கேக்கும்போதெல்லாம் பளிச்சுனு இருக்குன்னீங்களேம்மா! இந்தப் பழைய கண்ணாடி கதிரை வாங்கி வாங்கிக் கறுத்துடும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? கறுத்தாலும் தடுக்கறது கொஞ்சமும் குறையாது. அதனால கருவியில தெரியாது. நீங்கதானே சொல்லணும்?" என்று அரைமணி நேரம் திட்டினார். இவளுக்கு அந்தத் திட்டு காதில் பாட்டு மாதிரி விழுந்தது. கண்ணாடி கறுக்கும் என்று வேலைக்குச் சேர்ந்தபோதே அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். அப்பாவின் வாக்கியம் குறுக்கே வந்து நின்றதில் அது அடியோடு மறந்துபோயிருந்தது.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "தினம் பதினஞ்சு ஊசி கோக்கறவளுக்குக் கண்ணு போச்சாம்! கேட்டியா இந்தக் கூத்தை!" என்று தையல் மெஷினிடம் சொன்னார். சிரித்து முடித்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

மறுநாள் அவர் கடையைச் சாத்திவிட்டு அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்தப் பேய் ஒழியும் என்பது அவர் கணக்கு.

டாக்டர் ஒரு அம்மா. இரண்டு கண்ணிலும் விளக்கடித்து நிதானமாகப் பார்த்தார். "உங்க வயசுக்கு இவ்வளவு நல்ல கண்ணை நான் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார். "அப்புறம் ஏன் பயந்தீங்க?"

அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். பல்பு மாற்றியதை, நாற்காலியில் விழுந்ததை. கடைசிக் காலத்தில் அவர் கண்ணின் நடுவில் பால் ஊற்றியது போல வெள்ளையாக இருந்ததையும் சொன்னாள்.

டாக்டர் கையிலிருந்த விளக்கை அணைத்தார். "நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா அது கண்புரைம்மா. கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கில்ல, அது மங்கிப் போறது. கண்ணு கெடல. அந்த லென்ஸை எடுத்துட்டு வேற வச்சா தெரிஞ்சிருக்கும். யார்கிட்டயாவது சொல்லியிருந்தா..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படி இறங்கித் தெருவுக்கு வந்து, பஸ் நிறுத்தம் வரை நடந்து, அங்கே உட்கார்ந்த பிறகு அழுதாள். முந்தின நாள் அழுதது தனக்காக. இது வேறு. அத்தனை வருஷம் ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மாற்றியிருக்கக்கூடிய ஒரு கண்ணாடிக்காக. கணவர் இரண்டு பஸ்களைப் போகவிட்டு, மூன்றாவதில் கை பிடித்து ஏற்றினார்.

ஜன்னலை மாற்றினார்கள். உள்ளறையைக் காலி செய்து, பழைய பாளங்களைச் சங்கிலி போட்டு வெளியே எடுத்துத் தாழ்வாரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அவள் வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தாள். கதிர் பட்டுக் கறுத்ததே தவிர, அவற்றுக்குள் கதிர் தங்கியிருக்கவில்லை. தொடலாம் என்று கருவிக்காரர் சொன்னார். அறைப் பக்கம் இருந்த முதல் பாளம் கரிய பழுப்பு. அடுத்தது டீ நிறம். அதற்கடுத்தது தேன். கடைசியில், இத்தனை வருஷமும் அவள் முகத்துக்கு நேராக இருந்த பாளம், வார்த்த அன்றைக்கு இருந்தது போலத் தெளிவாக இருந்தது. அவளை நோக்கி வந்தது எல்லாம் எங்கே வரைக்கும் வந்து நின்றது என்று யாரோ வண்ணம் தீட்டிக் காட்டியது மாதிரி இருந்தது.

முதல் பாளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "எனக்கு வந்ததை எல்லாம் நீயே வாங்கிக்கிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துத்தான் கேட்டாள். தூக்க வந்த ஆட்கள் கேட்டுவிட்டார்கள். அன்று முழுக்க அதுவே பேச்சு.

அந்தப் பாளத்தைக் கட்டடத்தின் பின்பக்கம், வெயில் விழுகிற இடத்தில் சாய்த்து வைத்தார்கள். வெயிலும் காலமும் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் என்றார்கள். அவள் தினமும் சாப்பாட்டு வேளையில் போய் அதன் பின்னால் தன் கையை வைத்துப் பார்ப்பாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நிழல். மழைக்காலம் வந்து போன பிறகு ஒரு நாள், ஐந்து விரலும் தெரிந்தன. வெயிலில் அப்படியே உட்கார்ந்து, தன் விரல்களைத் தானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை. நாலாம் ஜன்னல்காரி வந்து கூப்பிட்டாள்.

புது ஜன்னலில் அவளுடைய முகம் தெரியவில்லை. அறைதான் தெரிந்தது. உள்ளே போகிற கனவும் அதற்குப் பிறகு குறைந்துவிட்டது. வீட்டில் டம்ளர்கள் வழக்கம் போல விழுந்தன; அவளும் வழக்கம் போலச் சிரித்தாள்.

கருவிக்காரர் மறுபடி வந்தார். கருவியை வைத்துப் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மூணு, நல்லா தெரியுதா?"

பழைய பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"இருங்க சார், பாத்துச் சொல்றேன்."

ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். மேலே வலது ஓரத்தில் கண் நின்றது. அங்கே கொஞ்சம் மங்கல் இருப்பது போல இருந்தது. இல்லாதது போலவும் இருந்தது. விளக்கா, கண்ணாடியா, கண்ணா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நாலு, கொஞ்சம் வந்து இதுல உக்காரேன். எனக்கு மட்டும்தான் இப்படித் தெரியுதான்னு பாத்துச் சொல்லு."